கை எட்டாத இடம்

"மோதிரத்தக் கழட்டிட்டுத் தள்ளுங்க," என்றாள் தங்கம்மா.

காரில் கை வைத்து நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் அம்மாசி செத்துக் கிடந்தார். விடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆடித் தூறல் விடுவதாக இல்லை. வாசலில் உடலைக் கிடத்த நனையாத இடம் என்றால் தகரக் கொட்டகை ஒன்றுதான். அதை அடைத்துக்கொண்டு அந்தக் கருநீல அம்பாசடர் நின்றது. அதை வெளியே தள்ளினால்தான் பெஞ்சு போட முடியும். அதற்குள் மோதிரம் என்கிறாள் இந்த மனுஷி.

"பெல்ட்டு போட்டிருந்தாலும் கழட்டிருங்க. உரசும்," என்றாள் மறுபடியும். "அவரு இருந்தா சொல்லியிருப்பாருங்க."

சேலத்திலிருந்து மகளோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த மருமகன் வசந்த், கல்யாண மோதிரத்தை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் ஆளுக்கொன்றைக் கழற்றினார்கள். ஒண்டிக்கடை சந்திப்பில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜீவானந்தத்துக்குக் கழற்ற ஒன்றுமில்லை. அம்மாசியோடு இருபது வருஷம் பழகியவன், மோதிரம் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டான்.

கார் மெல்ல உருண்டு தூறலுக்குள் போனது. தங்கம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். மழைத்துளி இந்தக் காரின் மேல் விழுந்தால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், கொஞ்சம் அசைந்தாலும் உருண்டு ஓடும். முப்பது வருஷமாகச் சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்த காட்சி அது. இன்றைக்கு பேனட் மேல் விழுந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டினது போலப் பரந்து கிடந்தது.

"என்னங்க இது, பேனட்டு பூராவும் கோடு கோடா இருக்குது?" என்றான் வசந்த். "யாரோ நல்லாப் பிராண்டி வெச்ச மாதிரி. மாமா பாத்திருந்தா..."

"பேசாமத் தள்ளுங்க மாப்ள," என்றான் ஜீவானந்தம். அவன் அப்படி வெடுக்கென்று பேசுகிறவன் அல்ல.

தங்கம்மாவுக்கு எல்லாம் கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாசிக்கு ரெண்டு சம்சாரம் என்று மஞ்சக்குட்டை பஸ் நிறுத்தத்தில் கேலி பேசுவார்கள். மூத்தவள் சோறு ஆக்குகிறாள், இளையவள் கொட்டகையில் நிற்கிறாள் என்பார்கள். அவர் டிரைவராக இருந்த எஸ்டேட்டின் முதலாளி குடும்பம் மலையை விட்டுப் போனபோது அவரிடமே விட்டுப்போன கார் அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாளிகளை எடுத்தார் என்றால் பதினொரு மணி வரைக்கும் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச நல்ல தண்ணீர். மேலிருந்து கீழேதான் கழுவ வேண்டும். துடைக்கப் பழைய பனியன் துணி, அதிலும் தையல் வராத பக்கம். பிறகு தகர டப்பாவைத் திறந்து மெழுகை விரலால் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகப் பூசிக்கொண்டு போவார். அது வெளுத்துக் காய்ந்த பிறகு வேறு துணி. மலைப்பனி பெயிண்டை அரித்துவிடும், மெழுகுதான் அதற்குச் சட்டை என்பார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் காரைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் டீ கொண்டுபோனால் மதில் மேல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வளையல் உரசும், புடவை ஊக்கு உரசும். ஒருதடவை ஊக்கு உரசியும் விட்டது. பதினொரு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. அடிக்காதவர், குடிக்காதவர், வாய் கூசும்படி ஒரு சொல் சொல்லாதவர். ஆனால் அந்தப் பதினொரு நாளை அவள் மறக்கவில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கு இடமில்லை என்று அவளுக்கு எப்போதும் வலித்தது. காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வைகாசியில் கல்லீரல் போய்விட்டது என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவர் கடைசியாக மெழுகு போட்டது. அப்புறம் கட்டிலும் ஜன்னலும்தான். ஜன்னலுக்கு நேரே கொட்டகை. அதன் விட்டத்தில் ஒரு குருவி கூடு கட்டியதையும் அது பேனட்டை நாசம் செய்ததையும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வாரக்கணக்கில் பெய்த தூறல் விட்டு லேசாக வெயில் அடித்தது.

"தங்கா," என்றார். "எச்சம் பெயிண்டத் தின்னுபோடும். ஒரு வாளித் தண்ணி ஊத்தித் தொடச்சு உடறியா?"

தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று நின்றாள்.

"உன்னத்தான் புள்ள. வண்டியக் கழுவறியான்னு கேட்டேன்."

கழுவுவதற்கு முன் இரண்டு கை வளையல்களையும் கழற்றி அரிசிப் பானை மூடி மேல் வைத்தாள். புடவை ஊக்கை எடுத்தாள். புடவையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். மேலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் காரின் கூரை அவளுக்கு எட்டவில்லை. ஏறி நிற்க ஸ்டூல் இருந்தது, அது கட்டிலோரம் அவருடைய மருந்தும் தண்ணீர்ச் சொம்பும் வைத்திருந்த ஸ்டூல்.

"டாப்பு எட்டலீங்க," என்று கத்தினாள்.

"உடு. அது இருக்கட்டும்."

பேனட்டுக்கு வந்தாள். எச்சம் காய்ந்து இறுகியிருந்தது. பனியன் துணிக்கு அது அசையவே இல்லை. ஒட்டிக்கொண்டதை எடுக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாற்பது வருஷமாகப் பாத்திரம் விளக்குகிற கை அது. தேங்காய் நாரை எடுத்து, பாத்திரத் தூள் தொட்டு, ஊன்றித் தேய்த்தாள். எச்சம் போனது. போன இடம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்ததால் மீதி இடத்தையும் அதே போல் தேய்த்தாள். பேனட் முடிந்ததும் கதவு, பின்பக்கம் எல்லாம். இப்படிச் சந்தோஷமாக ஒரு வேலை செய்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தோன்றியது.

முடித்துவிட்டு உள்ளே போய் அவர் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். அவர் ஜன்னல் வழியாகக் காரை வெகுநேரம் பார்த்தார்.

"நொம்ப நல்லாருக்குது தங்கா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாயங்காலமே நினைவு தப்பியது. விடியும்போது மூச்சு இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து நடமாடியது. இப்போது மருமகன் அதை வாசலில் வைத்து உடைத்துவிட்டான்.

பத்து மணிக்கு உடலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் அரப்புத் தூளும் தலையில் வைத்தார்கள். தங்கம்மா முறை வந்தபோது அரப்பைத் தொட்ட கையோடு நின்றுவிட்டாள்.

"வெச்சு நல்லாத் தேச்சு உடு புள்ள," என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி.

தங்கம்மா தேய்க்கவில்லை. விரல் நுனியால் தொட்டு, அவர் நெற்றியோரம் சின்ன வட்டமாகப் பூசினாள். மறுபடி தொட்டு இன்னொரு வட்டம். கூட்டம் பொறுமையிழந்தது. பொன்னாயி அவள் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"வளையலு எங்க புள்ள?"

"வண்டி கழுவறப்பக் கழட்டுனனுங்க."

"எப்ப?"

"நேத்து."

பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே வெறுங்கையோடு இருந்திருக்கிறாளே என்று அவளுக்குப் பின்னால் நின்ற யாரோ சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் அது தங்கம்மாவைக் கொன்றிருக்கும். இன்றைக்கு அவளுக்கு ஒரே கவலைதான். அவர் கண் மங்கிப் போய் நல்லாருக்குது என்றாரா, கீறலைப் பார்த்து மனம் வெந்து, சாகிற நேரத்தில் எதற்கென்று பொய் சொன்னாரா? தான் கெடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினாரா?

மத்தியானம் ஆண்கள் உடலைக் காட்டுக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வாசல் வழியாக ஓடி, மழையில் நிற்கும் காரின் டயர்களைச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போயிற்று. காரில் ஒரு பையன் சாய்ந்து நின்றான். மாலைக் கூடையை யாரோ டிக்கி மேல் வைத்திருந்தார்கள். தங்கம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். கெடுத்ததே தான்தான், இனி யாரைச் சொல்ல?

காட்டிலிருந்து திரும்பியவர்கள் குளித்து, விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ஜீவானந்தம் மட்டும் நின்றான். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காரைக் கொட்டகைக்குள் தள்ளினான். பிறகு தலையில் துண்டோடு வாசற்படி அருகே வந்தான்.

"போய்ட்டு வாரனுங்க்கா."

"ஏனுங் ஜீவா," என்றாள். "காலைல மாப்ளய எதுக்குப் பேசாதன்னீங்க?"

"அது... சும்மாங்க்கா."

"நாந்தான் நாரு போட்டுத் தேச்சேன். உங்களுக்கு அது முன்னயே தெரியும். உங்க மொகத்துலயே கண்டுக்கிட்டேன்."

அவன் துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டான்.

"நேத்து காலைல அண்ணன் போன் பண்ணுச்சுங்க்கா. பேசவே முடியல. 'இதக் கேளுடா'ன்னு போன ஜன்னலுப் பக்கம் நீட்டுச்சு. சரக்கு சரக்குன்னு சத்தம். என்னண்ணா, தேங்கா நாரான்னேன். ஆமாங்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. 'ஐயோ, நிறுத்தச் சொல்லுங்கண்ணா, பெயிண்டு போயிரும்'னு கத்தறேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'கத்தாதடா, அவ பாடிட்டு இருக்கறா'ன்னுச்சு."

தங்கம்மா படியிலிருந்து இறங்கி அவன் அருகே வந்தாள்.

"'கண்ணாலம் ஆயி இத்தன வருசத்துல இப்பத்தான்டா கேக்கறேன். நாஞ் சத்தம் போட்டா நிறுத்திப்போடுவா. பெயிண்டு கெடக்குது உடு'ன்னுச்சுங்க்கா. அப்பறம் போன வெக்கவே இல்ல. நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"நானா? நான் பாடுனனா?"

"ஆமாங்க்கா."

"என்ன பாட்டு?"

"எனக்கெங்கங்க்கா தெரியுது. நாரு சத்தந்தான் பெருசா இருந்துச்சு."

அவள் அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து ஊர் எதிர்பார்த்த அழுகை, பார்க்க ஊர் இல்லாதபோது வந்தது. ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடங்கியதும், கீறலெல்லாம் மிஷின் வைத்துத் தேய்த்து மெழுகு போட்டால் மறைந்துவிடும், பதினாறு முடியட்டும், பட்டறைக்கு எடுத்துப் போகிறேன் என்றான்.

"வேண்டாம் சாமி," என்றாள். "அவரே உட்டுட்டாரு."

மூன்றாம் நாள் பால் தெளித்ததும் மகள் சசிரேகா பையைக் கட்டினாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை. பதினாறாம் நாளுக்கு வருவதாகச் சொன்னாள்.

"நீயும் வாம்மா. இங்க தனியா என்ன பண்ணுவ?"

"வண்டி இருக்குதில்ல கண்ணு. பாக்கணும்."

"அம்மா, அது காரும்மா."

"ம்," என்றாள் தங்கம்மா.

பஸ் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பனி வாசலைத் தாண்டிக் கொட்டகைக்குள்ளும் வந்திருந்தது. உள்ளே கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ஸ்டூல் மட்டும் மருந்தும் சொம்பும் இல்லாமல் அதே இடத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் காரின் அருகே போட்டாள். தோளில் பனியன் துணி. கதவில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அந்தக் காரின் கூரையை அவள் இதுவரை பார்த்ததில்லை. கருநீலம் கண்ணாடி போல இருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை. பனி அங்கே பரவாமல் துளித்துளியாகத் திரண்டு, ஒன்றோடு ஒன்று சேராமல் நின்றது. வைகாசியில் அவர் விரல் போட்ட மெழுகு இன்னும் கரையவில்லை.

துணியை எடுத்தாள். கையை நீட்டினாள். இப்போது நடுப்பகுதி வரைக்கும் எட்டியது.

துளிகளைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கீழே இறங்கி, பேனட்டில் பரந்து கிடந்த பனித் தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே அந்தப் பாட்டு எது என்று யோசித்துப் பார்த்தாள். சின்ன வயதில் காப்பிப் பழம் பறிக்கும்போது பாடினவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பாட மட்டும் வாய் வரவில்லை.

பேனட், கதவுகள், பின்பக்கம் எல்லாம் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கூரையை அப்படியே விட்டு உள்ளே போனாள்.