கதவு மூடிய பிறகு

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். தரையைத் தொடாமல் போவதுபோலப் போன ஒரு பேருந்தைப் பற்றியும், அதைக் கிளப்ப முடியாமல் தவித்த ஓட்டுநரைப் பற்றியும் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் கடகட வண்டி ஓட்டியவர் அவர். எஞ்சின் சூடு தொடையைச் சுடும். கியர் போட்டால் தோள்வரை அதிரும். அன்று காலை அவருக்குக் கொடுத்தது மின்சார வண்டி. பொத்தானை அழுத்தினார், ஒரு சத்தமும் இல்லை. இடது கை, அங்கே இல்லாத கியரைத் தேடித் தேடி மடியிலேயே வந்து விழுந்தது. மெத்தை இருக்கை, குளிர்ந்த காற்று, ஆளுயரக் கண்ணாடி, அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் ஒரு பெண்குரல். சாலை அடியில் தண்ணீராய் நழுவியது. ஏறியவர்கள்கூட, குழந்தை தூங்கும் அறைக்குள் வந்துவிட்டதுபோல மெதுவாகப் பேசினார்கள்.

முன் இருக்கையில் பரிசோதகர், கையில் அட்டையோடு. இந்த நடையில் தேறினால் வண்டி ஓட்டுநருக்கு. இல்லாவிட்டால் பணிமனையில் வண்டி கழுவ வேண்டியதுதான்.

நடத்துநர் கிடையாது; சீட்டை இயந்திரமே கொடுத்தது. இத்தனை வருடமும் அவருக்கு நடத்துநராக இருந்தவன் மனைவியின் தம்பி. அவனை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

“இனிமே என் வாய்க்கு வேலையில்ல மாமா. உங்க காலுக்கு முதலாளியும் இல்ல” என்றான் காலையில்.

“போடா, இனிமேதான் நிம்மதியா ஓட்டப் போறேன்” என்று சிரித்துவிட்டு வந்திருந்தார்.

முதல் நிறுத்தம். கதவு மூடிக்கொண்டது. வண்டி நின்றபடியே நின்றது.

“என்ன டிரைவர், கிளம்புங்க” என்றார் பரிசோதகர். கிளம்பினார்.

இரண்டாவது நிறுத்தத்திலும் அதே கதை. அப்போதுதான் அவருக்கே புரிந்தது: மைத்துனன் ஊதும் இரட்டை விசிலுக்காகக் கால் காத்திருந்தது. மனம் போ என்றது. கால் அதைச் சட்டை செய்யவில்லை.

“புது மாப்பிள்ளைக்கு வெக்கம் போல” என்று பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

பரிசோதகர் சிரிக்கவில்லை. “எடுங்கண்ணே. இன்னொரு தடவை நின்னா நான் கையெழுத்து போட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

மூன்றாவது நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருந்தாள். சக்கர நாற்காலிக்காரி. பழைய வண்டிகளுக்கு மூன்று உயரப் படிகள். பதினோரு வருடமாக அவற்றை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. இன்று நிறுத்தத்தில் காத்திருந்தாள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தணிந்தது. ஒரு பலகை நீண்டது. அவள் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியைப் பட்டையால் பூட்டிக்கொண்டாள். கதவு மூடியது.

கால் கல்லாய்க் கிடந்தது. பரிசோதகர் பேனா மூடியைத் திறக்கும் சத்தம், அந்த அமைதியில் பெரிதாய்க் கேட்டது.

“அண்ணே, நான் ஏறிட்டேன்” என்றாள் அவள். “போலாம்.”

அவருக்குத் தெரியும் முன்பே கால் அழுந்தியது. அவள் வீடு கண்ணாடியில் மெல்ல மிதந்து பின்னால் போனது. ஜன்னலில் அவளுடைய தையல் இயந்திரம், பாதி தைத்த நீலச் சட்டைக் கை ஒன்று தொங்கியபடி. “இவ்ளோ சின்ன ஜன்னலா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் கதவு மூடியதும் ஓட்டுநர் கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எல்லாரும் ஏறியாச்சா? போலாமா?”

அங்கங்கே தூக்கக் கலக்கம்போல எழுந்தன குரல்கள்: போலாம், போலாம். பரிசோதகரின் உதடும் அசைந்தது. பேனா அட்டைக்கு மேலே அந்தரத்தில் நிற்க, வெயில் விழுந்த சாலையில் வண்டி சத்தமின்றி நழுவிப் போனது.

உங்கள் வீட்டு வாசல் யாருக்கும் எட்டாத உயரமாக இல்லாதிருக்கட்டும், கண்ணுகளா. வெளியே கிளம்பும்போது உங்களை ‘ஏறிட்டியா’ என்று கேட்க ஒரு குரல் என்றும் இருக்கட்டும்.