பெரியதம்பியின் இடப்பக்கம்

சாப்பாட்டு மேசையில் கொலைத்திமிங்கிலம் வந்து குடியேறியது குணவதிக்குத் துண்டறப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்குள் கொலை என்ற சொல்லே வரக்கூடாது என்பது அவள் கட்சி. மகன் அன்புராசா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சோற்றுச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, லைட் பொக்ஸை நடுவில் வைத்து, கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை அதன்மேல் பரப்பி, சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு குனிந்தான் என்றால் பிறகு வீடு தீப்பற்றினாலும் நிமிரமாட்டான்.

ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவனுக்கு வேலை. என்ன வேலை என்று கோயிலில் யாராவது கேட்டால் குணவதி "சயன்ஸ்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். நாட்டின் மேற்குக் கரையில் யாரோ படகில் போய்த் திமிங்கிலங்களைப் படம் பிடிக்கிறார்கள், ஸ்காபரோவில் பத்தாம் மாடியில் இருந்துகொண்டு தன் மகன் அந்தப் படங்களைப் பார்த்து 'இது இன்னார், இது இன்னாரின் பிள்ளை' என்று பிரிக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதிலும் அவன் அந்தச் சீவனை உயிரோடு ஒருநாளும் கண்டதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடை முடியும் நேரம். தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்க மேசையில் இடமில்லாமல் நின்றவள் சும்மா எட்டிப் பார்த்தாள். கடலுக்கு மேலே இரண்டு முதுகுச் செட்டைகள் தெரிந்தன. ஒன்று ஆள் உயரத்துக்கு நெட்டையாக நின்றது. மற்றது அதில் பாதிதான் இருக்கும், பின்பக்கம் வளைந்திருந்தது.

"உது புருசனும் பெண்சாதியுமே?"

"இல்லையம்மா. தாயும் மோனும்."

"ஆர் தாய்?"

"சின்னச் செட்டை. ஆம்பிளையளுக்குத்தான் உப்பிடி நெட்டுக்கு வளரும்."

குணவதி நம்பவில்லை. அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை ஒருத்திக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தால் அது புருசனாகத்தான் இருக்கவேண்டும். தொடக்கத்தில் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று அன்புராசா சொன்னான். ஒவ்வொரு வருடமும் படம் எடுத்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்துக்கொண்டு வந்த பிறகுதான் விசயம் வெளித்தது. குட்டியாகத் தாயின் விலாவில் நின்றது, இரண்டு மடங்காக வளர்ந்த பிறகும் அங்கேதான் நின்றது.

"அப்ப கலியாணம்?"

"வேறை குடும்பத்தைச் சந்திக்கேக்கை அதெல்லாம் நடக்கும். பிறகு தாயிட்டைத் திரும்பி வந்திடும்."

"மருமோள் வீட்டை வராது."

"வராது."

"சீதனமும் இல்லை."

"இல்லையம்மா."

"நல்ல சனங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, குணவதி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அன்று பிடித்த பைத்தியம். அடுத்த கிழமை அவளுக்கென்றே ஒரு பழைய கண்ணாடியை அன்புராசா கொண்டுவந்து கொடுத்தான். செட்டைக்குப் பின்னால் முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். அது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. வலப்பக்கத்துத் திட்டும் இடப்பக்கத்துத் திட்டும்கூட ஒத்துப்போகாது. இரண்டையும் கலந்தால் ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவார்கள் என்பதால் எல்லாரும் இடப்பக்கத்தை மட்டுமே படம் எடுப்பது என்று ஏற்பாடு. கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்கப் போனபோது, வலக்கன்னத்துத் தழும்பு தெரியாமல் இடப்பக்கமாகத் திரும்பி நின்றவள் குணவதி. அந்த நியாயம் அவளுக்கு உடனே விளங்கியது.

ஆய்வுகூடத்தில் அவற்றுக்கு எழுத்தும் இலக்கமும்தான் பெயர். மறியல் வீட்டில்தான் ஆட்களை இலக்கம் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று குணவதி நொடித்தாள். அன்று பார்த்த தாய்க்கு மீனாச்சி என்றும் மகனுக்குப் பெரியதம்பி என்றும் பெயர் வைத்தாள். பெரியதம்பியின் செட்டை ஓரத்தில் யாரோ கடித்துவிட்ட மாதிரி ஒரு வெட்டு இருந்தது. மீனாச்சியின் திட்டில் நகக்கீறல் போல மூன்று கோடு. எந்தப் படத்தில் கண்டாலும் தாயும் மகனும் ஒரே மூச்சில் மேலே வந்து ஒரே மூச்சில் கீழே போனார்கள். மற்றக் குடும்பங்களில் அக்கா, தங்கை, பேரப்பிள்ளை என்று ஒரு பட்டாளமே நிற்கும். இந்த வீட்டில் இவர்கள் இருவர்தான்.

ஒருநாள் கேட்டாள்: "ஒண்டு செத்தா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உடம்பு கடலுக்கை தாண்டு போயிடும், தெரியாது. குடும்பம் முழுக்கப் படத்திலை நிக்கும், அது மட்டும் நிக்காது. திரும்பத் திரும்ப எடுத்தும் காணேல்லையெண்டா செத்துப்போச்செண்டு எடுக்கிறது."

"எங்கையேன் போயிருக்கலாம்தானே."

"உதுகள் குடும்பத்தை விட்டிட்டுப் போறேல்லை அம்மா."

குணவதி சுவரைப் பார்த்தாள். அங்கே மகள் அருள்மலரின் கலியாணப் படம் தொங்கியது. மூத்தவனுக்குப் பாரிசில் விசா கிடைக்காததால் அதில் அவன் இல்லை. லண்டனில் இருக்கும் மகள் அப்போது பிள்ளைத்தாச்சி, அவளும் இல்லை. புருசன் சண்முகலிங்கம் ஊரிலேயே மாலை போட்ட படமாகிவிட்டார். மணப்பெண்ணாக நின்ற அருள்மலரும் இப்போது பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போய்விட்டாள்.

"உந்தக் கணக்கிலை பாத்தா என்ரை பிள்ளையளிலை அரைவாசி செத்துப்போச்சுதுகள்" என்றாள்.

அன்புராசா சிரித்தான். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் தாயின் தோளை உரசிக்கொண்டு நின்றவன் அவன் ஒருவன்தான். பேசிவந்த கலியாணங்கள் எல்லாம் ஏதோ ஒரு சாட்டில் தட்டுப்பட்டுப் போய், முன்னந்தலை வழுக்கையும் விழுந்து, இன்றைக்கும் தாயோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருக்கிறான்.

கார்த்திகை மாதம், பனி விழத் தொடங்கிய பிறகு, அந்த ஆண்டுக் கோடையில் எடுத்த படங்கள் வந்தன. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அன்புராசா மேசையில் குனிந்தான். வைத்த இடியப்பம் ஆறிப்போனது. ஒரு சுருளைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், திரும்பவும் முதலில் இருந்து பார்த்தான்.

"மீனாச்சியைக் காணேல்லை" என்றான்.

"வடிவாப் பார். வலப்பக்கம் எடுத்திருப்பாங்கள்."

"பாத்தாச்சு. எல்லா நாளும் பெரியதம்பி தனியத்தான் நிக்கிறான்."

குணவதி தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். வேறொரு குடும்பம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு எவ்வளவோ பின்னால், வெட்டு விழுந்த அந்த நெட்டைச் செட்டை. அவர்கள் அவனைச் சேர்க்கவில்லையா, அவனுக்குச் சேரத் தெரியவில்லையா என்று படம் சொல்லவில்லை.

"இனி உவன் என்ன செய்வான்?"

"சிலது தமக்கையளோடை ஒட்டிக்கொள்ளும். உவனுக்கு ஆருமில்லை." அன்புராசா கண்ணைக் கசக்கினான். "தாய் போனாப் பிறகு உப்பிடித் தனிச்சதுகள் கனகாலம் இருக்கிறேல்லை எண்டு அங்கை படகிலை போறவை சொல்லுகினம். வாற வருசப் படத்திலை அவனும் இருப்பானோ தெரியாது."

குணவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கண்காணாத கடலில் திரியும் ஒரு மீனுக்காக அழுவது விசர் வேலை என்று தன்னையே ஏசினாள். அழுகை மீனுக்காக இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பிரசர், சீனி, முழங்கால் என்று அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அன்புராசாவுக்குச் சோற்றுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தால்தான் சாப்பாடு. குனிந்து குனிந்து நாரி நோகுது என்று சொல்லக்கூட அவனுக்கு வேறு ஆள் இல்லை. தனக்குப் பிறகு அவன் யாருக்குப் பின்னால், எவ்வளவு தூரத்தில் போவான் என்ற பயம் அன்றைக்குத்தான் அவளைப் பிடித்தது.

அன்ரனெற் வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. அன்புராசாவோடு அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் குருநகர்ப் பெட்டை. புருசனும் பிள்ளையும் உள்ளவள். குணவதியின் நண்டுக்கறிக்கு அடிமை. அன்புராசா உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து அவள் கதையைத் தொடங்கினாள்.

"அன்ரி, நீங்கள் எண்டாலும் அவருக்கு ஒருக்கால் சொல்லுங்கோவன்."

"என்னத்தைப் பிள்ளை?"

"மேற்கிலை தீவொண்டிலை நிண்டு, படகிலை போய்ப் படமெடுக்கிற வேலை. நிரந்தர வேலை அன்ரி. அவரைத்தான் கேட்டவை. அம்மாவை விட்டிட்டுப் போகேலாது எண்டிட்டார். கிறிஸ்மசுக்கு முதல் ஓமெண்டு சொல்லாட்டி வேறை ஆளைப் போட்டிடுவினம்."

குணவதிக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைத்து என்ன பயன்? பாரிஸ்காரனும் லண்டன்காரியும் மாதம் ஒரு போன் எடுக்கும் உலகத்தில், அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்ல ஒருவன் இருக்கிறான். அந்தப் பூரிப்பில் அன்ரனெற்றின் கோப்பையில் இன்னொரு நண்டைத் தூக்கிப் போட்டாள். கோயிலில் இதை யார் யாருக்குச் சொல்லலாம் என்றுகூட யோசித்தாள்.

அன்ரனெற் போய், சட்டி கழுவி முடிவதற்குள் அந்தச் சந்தோசம் புளித்துவிட்டது. படத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்தவன். ஒருநாளாவது அந்தத் தண்ணீரில் நிற்க ஆசை இல்லாமலா இருக்கும்? அந்த ஆசைக்குக் குறுக்கே, தனக்கே தெரியாமல், அவளே நின்றிருக்கிறாள். பெரியதம்பியை அப்படி வளர்த்துவைத்த மீனாச்சி மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று நாள் யோசித்தாள். முடிவு வந்தபோது அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மகன் போகவேண்டும், தாய் தனித்துவிடக்கூடாது. இரண்டு பேரும் போனால் எல்லாம் சரி. திமிங்கிலங்களும் ஒரே இடத்தில் கிடப்பதில்லையே, சேர்ந்துதானே திரிகின்றன. அருள்மலருக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"விசரே அம்மா? அங்கை நெடுக மழை. கோயிலும் இல்லை. கறித்தூளுக்கு எங்கை போவியள்?"

"வறுத்து இடிச்சுக் கொண்டு போவன். சாமிப்படம் பெட்டிக்கை வரும்."

ஞாயிறு மத்தியானம். அன்புராசா பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தான். குணவதி எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

"அன்ரனெற் எல்லாம் சொன்னவள். அந்த வேலைக்கு ஓமெண்டு சொல்லு, ராசா."

அவன் முகம் விடிந்தது. வேறு சொல் இல்லை. இத்தனை வருடமும் மேசையில் குனிந்தே கிடந்த முகம் நிமிர்ந்து, சின்னப்பிள்ளை முகமாகி நின்றது.

"நானும் வாறன்" என்றாள்.

அந்த வெளிச்சம் அணைந்தது. கண் வெட்டும் நேரம்தான். உடனே சிரிப்பொன்றை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டான். வேறு யாராக இருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள். செட்டையில் ஒரு வெட்டையும் திட்டில் ஒரு கீறலையும் தேடி இத்தனை மாதமும் கண்ணைத் தீட்டியவளுக்கு அது தப்பவில்லை.

"அதுக்கென்ன, வாங்கோவன் அம்மா" என்றான். நல்ல பிள்ளை. "குளிர் உங்களுக்குச் சரிவருமோ எண்டுதான்..."

அவனுக்குத் தனியாகப் போக ஆசை. அது குற்றமில்லை. தாயைச் சாட்டியே காலத்தைக் கடத்தியவனுக்கு, அந்தச் சாட்டு இல்லாமல் ஒருமுறை நின்று பார்க்க ஆசை. அதைத் தாயிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. நூறு வருடம் போனாலும் வராது. குணவதிக்கு அது நொந்தது. ஆனாலும் பெரியதம்பியைப் பார்த்துப் பிடித்த பயம் கொஞ்சம் இறங்கினாற்போலவும் இருந்தது.

"சும்மா சொல்லிப் பாத்தனான்" என்றாள். "எனக்கென்ன விசரே, மழைக்கை போய்க் கிடக்க? பங்குனி உத்தரத்துக்கு மடைப்பள்ளி என்ரை பொறுப்பு. அருள்மலரும் பிள்ளையளைப் பாக்க வா வா எண்டு நிக்கிறாள். நான் வரேல்லை. நீ போ."

அவர்களுடைய சனத்தில் முதல் மறுப்பை யாரும் மறுப்பாக எடுப்பதில்லை. வந்தவரிடம் தேத்தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார். திரும்பக் கேட்கவேண்டும், அப்போதுதான் மனம் தெரியும். சோறு காணும் என்று தாய் சொன்னால் அன்புராசா ஒருநாளும் நம்பியதில்லை, அகப்பையோடு நின்று இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் போவான். குணவதி காத்திருந்தாள். கேட்டிருந்தாலும் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்பான் என்று நினைத்தாள்.

"அப்ப நாளைக்கே அவைக்குச் சொல்லிப்போடுறன்" என்றான் அன்புராசா.

அவனே அகப்பையை எடுத்துத் தன் கோப்பையில் சோறு போட்டான். அவள் போட்டுக் கொடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கவில்லை.