மீன் ஐஸில் கழுவிய கல்யாணம்

சொட்டுகிறது, துணிக்கொடியில் ஹாஜிரா அக்காவின் நீலத் துண்டுக்கும் யாருடையதோ ஒற்றைக் காலுறைக்கும் நடுவே, சிவப்பு கிளிப்பில் தொங்கும் ஈர ஃபிலிமிலிருந்து ஒரு துளி என் கால் பெருவிரலில் விழுகிறது, அதற்குள் என் கல்யாணம் இருக்கிறது, இருக்க வேண்டும், இல்லையென்றால் பியூலா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், ஏனென்றால் பதிவு அலுவலகத்தில் யாரும் கைப்பேசியை எடுக்கக் கூடாது, என் பழைய கேமராவில் மட்டும்தான் படம் என்று வீம்பு பிடித்தவன் நான், சாட்சிக் கையெழுத்துப் போட வந்த நண்பர்களும் சமர்த்தாகக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேமராவை வாங்கி மாற்றி மாற்றி எடுத்தார்கள், சம்பங்கி மாலையின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது, அலுவலக வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள் பியூலா, அவள் அம்மா வரவில்லை, சர்ச்சுல நடக்காததுக்குப் பேரு கல்யாணமா, நான் வரமாட்டேன் என்று சொன்ன என் மாமியார் எஸ்தர் அத்தை சொன்னபடியே வரவில்லை, பியூலா சிரித்தபடியேதான் கையெழுத்துப் போட்டாள், பேனா மட்டும் கொஞ்சம் தயங்கியது.

எடுப்பது பெரிதில்லை, எடுத்ததைக் கழுவத்தான் இந்தச் சென்னையில் நாயாய் அலைந்தேன், மவுண்ட் ரோட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர் ரோலை உருட்டிப் பார்த்து, இதெல்லாம் பாம்பேக்கு அனுப்பணும் சார் என்று ஒரு விலை சொன்னார், அந்தக் காசுக்கு நானும் பியூலாவும் ரயிலேறி பாம்பேக்கே போய் வந்துவிடலாம், புரசைவாக்கத்தில் மலிவாக ஒருவர் அகப்பட்டார், சோதனைக்கு ஒரு கடற்கரை ரோலைக் கொடுத்தேன், மெரினாவைப் பூனை பிறாண்டினாற்போல் கோடு கோடாகத் திருப்பிக் கொடுத்தார், மலிவும் வேண்டும் தரமும் வேண்டும் என்றால் எங்கே போவேன், பியூலா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, நமக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா, எங்கம்மா கேட்டா எதைக் காட்டுறது என்கிறாள், விளையாட்டாகத்தான் கேட்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்படி இருந்தபோது கிடைத்தவர்தான் ராயப்பேட்டை ஹாஜிரா அக்கா, வங்கியில் வேலை, ஞாயிறானால் மொட்டைமாடிக் குளியலறையில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஃபிலிம் கழுவுகிறவர், மருந்துக்கு உங்க பங்கைக் குடுத்தா போதும், வரும்போது ஐஸ் கொண்டாங்க, எங்க டேங்க் தண்ணியில டீயே போடலாம், மருந்து சூடானா படம் கறுத்துடும் என்றார், ஜாம்பஜாரில் மீன்காரம்மா, மீன் வாங்காம வெறும் ஐஸ் எதுக்குக் கண்ணு என்றார், கல்யாணத்தைக் கழுவணும்க்கா என்றேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு கட்டி கூடவே போட்டார்.

அந்த மாடியில் ஒரு சட்டம், தன் ரோலைத் தானே கழுவக் கூடாது, சொந்தப் படம்னா கை பதறும், அடுத்தவங்களோடதுன்னாதான் பயந்துகிட்டு ஒழுங்கா செய்வோம் என்பார் அக்கா, அதனால் அவருடைய ரோலை நான் கழுவினேன், என்னுடையதை அவர் கழுவினார், அந்த ஐஸால் குளியலறை முழுக்க வஞ்சிர மீன் வாசனை, இதோ தொங்குகிறது, இதோ சொட்டுகிறது, அக்கா அதை வெயிலுக்கு நேரே பிடித்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கேஸ் அடுப்பு இருந்துச்சா என்கிறார், கைப்பேசியில் கறுப்பை வெளுப்பாக்கிப் பார்த்தால் பதிவாளர் மேசைமேல் அடுப்பு, பியூலாவின் மாலைக்குள் வெங்காயக் கூடை, எங்கள் இருவருக்கும் நடுவே பூப்போட்ட நைட்டியில், கையில் கரண்டியோடு, வாய் நிறையச் சிரிப்போடு எஸ்தர் அத்தை.

ஐயோ, அதுவா என்று மாடிக்குக் கூடவே வந்திருந்த பியூலா வாயைப் பொத்திக்கொள்கிறாள், கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் கேமராவை இரவல் வாங்கிப் போனவள் அம்மாவைச் சமையலறையில் எடுத்திருக்கிறாள், முடிந்த ரோலைத் திருப்பிச் சுற்றியபோது ஃபிலிமின் நாக்குமுனை உள்ளே போகாமல் வெளியே நீட்டியிருக்க, அப்படியே டப்பாவில் போட்டுவிட்டாள், நாக்கு வெளியே இருந்தால் புது ரோல் என்றுதான் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் நம்புவோம், நானும் நம்பி அதையே கல்யாணத்துக்கு மாட்டினேன், ஒரே ஃபிலிமில் சமையலறையும் கல்யாணமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிட்டது, கெட்டுப்போச்சா என்று கேட்கிறேன், அவள் ஒரு படத்தைக் காட்டுகிறாள், எடுக்காதடி என்று தடுக்க அத்தை நீட்டிய கை சரியாக எங்கள் இரண்டு தலைக்கும் மேலே ஆசீர்வதிப்பதுபோல் இருக்கிறது, பியூலா அதை அம்மாவுக்கு அனுப்பினாள், ஐஸ் உருகி மாடியெல்லாம் ஓடிய பிறகு அவள் கைப்பேசி அடிக்கிறது, அத்தைதான், ஏன்டி, நாலு பேரு பாக்குற கல்யாணப் படத்துல என்னை நைட்டியோடயா நிக்க வெப்ப, ஒழுங்கா இன்னொன்னு எடுக்கச் சொல்லு அந்தப் புள்ளைய.

சொட்டுகிறது, அதே கொடி, அதே சிவப்பு கிளிப், வேறு ஃபிலிம், அக்கா கழுவியது, இதில் அத்தையோடு நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், கொடிக்குக் கீழே அத்தை நிற்கிறார், கிறிஸ்துமஸுக்குக் கட்டும் பட்டுச்சேலை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் ஜாம்பஜார் ஐஸ் பை, நான் யாரு ரோலைக் கழுவணும் என்று அக்காவை அதட்டுகிறார், ஒரு துளி பட்டுச்சேலையில் விழுகிறது, பியூலா பதறித் துடைக்கப் போகிறாள், விடுடி, நம்ம வீட்டுக் கல்யாணத் தண்ணிதானே என்கிறார்.