முந்நூற்றுப் பத்து கிராம்

தங்கைப் பொடிசு பென்குயினாகி ஐந்து மணி நேரமும் முப்பத்தெட்டு நிமிடமும் ஆகியிருந்தன. ஆறு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் உருவம் அப்படியே நிலைத்துவிடும்.

பொடிசு கேட்டது என்னவோ அணில்தான். ஆனால் அம்மாவின் இயந்திரம் எடையைக் கூட்டாது, குறைக்காது. இருபத்து நான்கு கிலோ சிறுமி இருபத்து நான்கு கிலோ பிராணியாகத்தான் ஆக முடியும். பட்டியலில் ஆடும் பென்குயினும் இருந்தன. "ஆடுன்னா நீ என்னைக் கட்டிப் போட்டுருவே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பென்குயினைத் தொட்டாள்.

அம்மா விலங்கு மருத்துவர். எங்கே வலிக்கிறதென்று சொல்லாத நோயாளிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், அவர்களாகவே மாறிப் பார்த்தால் என்ன என்று கார் ஷெட்டில் இதைச் செய்திருந்தாள். இன்று ஒரு குதிரைக்கு வயிற்றுவலி என்று போயிருந்தாள். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. தெருவில் அவளுக்குத் தளபதி என்று பெயர். பாம்பென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

மாறிய பத்தாவது நிமிடம் ஷெட்டின் வெக்கை தாங்காமல் பென்குயின் தெருமுனை ஐஸ் ஃபாக்டரிக்கு ஓட்டம் பிடித்தது. வழுவழுப்பான பாளங்களின்மேல் குப்புறப் படுத்துச் சறுக்கியது. பிடிக்கப் போன தளபதி நான்கு முறை விழுந்தாள். ஆள் வைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"உங்க வாத்து ரொம்ப குண்டா இருக்கே, பாப்பா" என்றார் வண்டிக்காரர்.

"தண்ணி உடம்புண்ணே."

அவர் நீட்டிய மீனைப் பென்குயின் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பொடிசுக்கு மீன் வாடையே ஆகாது. உருவம் மாறியும் நாக்கு மாறவில்லை.

ஷெட்டில் இயந்திரம் எடை ஒத்துவரவில்லை என்று சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. தளபதி அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா குதிரை வாடையோடு ஓடி வந்தாள். திட்டவில்லை. நேராகத் தராசை நோக்கிப் போனாள்.

"மாறுறதுக்கு முன்னாடி எடை எவ்வளவு எழுதினே?"

"இருபத்து நாலு கிலோ அறுநூறு."

அம்மா பென்குயினைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள். மூச்சில் போகும் எடையைக் கணக்கில் சேர்த்த பிறகும் முந்நூற்றுப் பத்து கிராம் குறைந்தது.

"எங்கேயாவது அடிபட்டுச்சா? ரத்தம் வந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் முந்நூத்திப் பத்து கிராம் எங்கடி போச்சு?" அம்மாவின் குரல் உடைந்தது. "இப்படியே அழுத்தினா இல்லாத அந்த எடைக்கு இவ உடம்புல எதையாவது குறைச்சிடும். ஈரலா, காலான்னு யாருக்குத் தெரியும்?"

அம்மாவின் விரல் இயந்திரத்தின் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தவும் மனம் வரவில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை. ஒன்பது நிமிடம் மிச்சம்.

அது எங்கே போனதென்று தளபதிக்குத் தெரியும். தராசில் நிற்பவரை யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் முதல் விதி. ஆனால் அதை மீறினேன் என்று சொல்வதா கஷ்டம்? ஏன் மீறினாய் என்று அடுத்த கேள்வி வருமே. பாம்புக்கே கூப்பிடப்படும் தளபதி அதற்கு என்ன சொல்வாள்?

ஏழு நிமிடம்.

பென்குயின் தராசில் நின்றபடியே துடுப்புக் கையை நீட்டி, மதியம் தன்னைப் பிடித்திருந்த தளபதியின் அதே கைக்குள் வைத்தது. ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

"எதுவும் குறையலம்மா. எண்தான் தப்பு. அதை மாத்திட்டு அழுத்து" என்றாள் தளபதி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எடை பாக்குறப்போ நான் அவ கையைப் பிடிச்சுக் கீழே அழுத்திட்டே நின்னேன், அதுவும் எடையில சேர்ந்துடுச்சு. அவ பயப்படல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு."