அவனுக்காகப் பேசியவள்

அந்த வானொலியின் காலை நிகழ்ச்சியை நடத்தியவர்கள் இரண்டு பேர். நேயர்கள் அவளை அக்கா என்றார்கள். அவனுக்கு லொடலொட என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஊரிலுள்ள மாமியார்களையெல்லாம் வம்புக்கு இழுத்துவிடுவான். மைக்குக்கு வெளியிலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும், நிலையத்தின் பின்பக்கப் படிக்கட்டில் அவளை உட்காரவைத்துச் சொன்னான். "தூக்கமே இல்லக்கா. குளிக்கும்போது காரணமே இல்லாம அழுகை வருது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு, கொஞ்சநாள் லீவு போடச் சொல்றாரு. வீட்ல என் பொண்டாட்டிக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அம்மாகிட்ட முதுகுவலின்னு சொல்லியிருக்கேன்."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதுடா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அவன் லீவில் போனதும், வெளியூர் போயிருப்பதாக நேயர்களிடம் சொல்லி வந்தாள். அடுத்த வாரமே, நேரலையில் போன் செய்த ஒரு ஆள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வெளியூரெல்லாம் சும்மா. குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணதுல வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாமே? எங்க தெருவே பேசுது."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "தெரியாம பேசாதீங்க. அவன் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருக்கான். வீட்ல அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உங்களையெல்லாம் சிரிக்க வெச்சவன் அவன். அவனைப் போய் குடிகாரன்னு சொல்றீங்களே!"

அந்த ஆள் போனை வைத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். மதியத்துக்குள் அவள் பேசிய ஒலித்துண்டு ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது. தம்பிக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த பெருமிதத்தோடு வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அவளோடு சாப்பிடும்போது கணவன் சொன்னான், "எங்க ஆபீஸ்ல எல்லாரும் உன்னைத்தான் பாராட்டினாங்க. அவன்கிட்ட கேட்டுட்டுத்தானே சொன்னே?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

தம்பிக்குப் போன் அடித்தாள்; அவன் எடுக்கவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனாள். அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, அப்படியே நின்றாள்.

"அத்தை மத்தியானத்துலேருந்து அழுதுக்கிட்டே இருக்காங்க. பாப்பாகிட்ட ஸ்கூல்ல, உங்கப்பாவுக்குப் பைத்தியமான்னு கேட்டிருக்காங்க. கூடப்பிறந்த அக்கா மாதிரின்னு நம்பித்தானே உங்ககிட்ட சொன்னாரு?"

"விடு, உள்ள வரட்டும்" என்று அவன் குரல் கேட்டது.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. திட்டவில்லை.

"உன்னைக் குடிகாரன்னு சொன்னான்டா. பொறுக்க முடியல."

"சொல்லிட்டுப் போகட்டுமேக்கா. அது பொய். ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க. நீங்க சொன்னது நிஜமாச்சே, அதை நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

"நாளைக்கு மைக்லயே மன்னிப்பு கேட்டுடறேன்."

"எதுக்கு மன்னிப்புன்னு சொல்லணும்ல? கேக்காதவங்களும் கேட்டுடுவாங்க." பிறகு, "தயவுசெஞ்சு என்னைப் பத்தி எதுவுமே பேசாதீங்கக்கா. நல்லதாகூட" என்றான்.

மறுநாள் மேலாளர் உற்சாகமாக இருந்தார். ஒரு மனநல மருத்துவரை வரவழைத்து, லொடலொடவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம், நேயர்கள் உருகிவிடுவார்கள் என்றார்.

"நான் பண்ணமாட்டேன் சார். அந்தத் துண்டையும் நம்ம ஸ்டேஷனோட ஃபேஸ்புக் பக்கத்திலேருந்து எடுத்துடுங்க."

"நல்ல விஷயம்தானேம்மா? எத்தனை பேருக்குத் தைரியம் வரும்!"

"அவன் சொல்லியிருந்தா நல்ல விஷயம் சார். சொன்னது நான்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அடுத்தவர் கைப்பேசிகளில் இருந்ததை யார் எடுப்பது? நேயர்கள் தினமும் பாசமாக விசாரித்தார்கள். "அது அவரோட சொந்த விஷயம்" என்று சொல்லிப் பாட்டைப் போட்டாள். அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றுகூடச் சிலர் எழுதினார்கள். எழுதட்டும் என்று விட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மருத்துவரிடம் போனதாக எழுதியிருந்தாள். அதை வாசித்துச் சந்தோஷப்படவும் அவளுக்குக் கூசியது.

சில மாதங்களில் அவன் வேலைக்குத் திரும்பினான். முகம் தெளிந்திருந்தது. ஆனால் காலை நிகழ்ச்சி வேண்டாம், மாலையில் தனியாகச் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். வந்த முதல் நாள் வாசலில் எதிர்ப்பட்டார்கள்.

"எப்படிடா இருக்கே?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சூப்பரா இருக்கேன்க்கா! நீங்க எப்படி இருக்கீங்க, வீட்ல மாமா சௌக்கியமா?"

குரல் கணீரென்று இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. யாரென்றே தெரியாத நேயர்களிடம் அவன் தினமும் பேசுகிற குரல் அது. மாமா சௌக்கியம்தான் என்று அவளும் சிரித்துச் சொல்லிவிட்டு, அவன் உள்ளே போக வழிவிட்டு நின்றாள்.