கடைசி நான்கு எழுத்து

1

இந்தக் கதை ஒரே ஒரு வரி நிரலிலிருந்து வந்தது. அதை எழுதியவனை எனக்குத் தெரியும்.

2

‘மாசியில் சீர்காழிப் பக்கம் மழை வராது என்று நம்பியிருந்த…’

வேண்டாம். மழைமேல் பழி போடுகிற தொடக்கம் இது.

‘ஆன்டோ கெட்டிக்காரன்.’

சரி, இப்படியே போகட்டும். ஆன்டோ எங்கள் உழவர் சங்கத்துக்கு ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதிக் கொடுத்தான், பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் தானே ஓடும் நிரல். யார் நெல்லை முதலில் எடைபோடுவது என்ற வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். யாரும் இடையில் புகுந்து திருத்த முடியாது. அதைத்தான் பெருமையாகச் சொன்னான். உறுப்பினர் முந்நூறு பேர். ஆளை அடையாளம் காண, ஆளுக்கு நாற்பது எழுத்தில் ஒரு டிஜிட்டல் முகவரி.

3

அந்த நிரல் ஓடும் ஒவ்வொரு அடிக்கும் கட்டணம் உண்டு. நாற்பதையும் ஒப்பிட்டால் செலவு ஏறும் என்று நினைத்தான். ஊரில் போன் நம்பரைக் கடைசி நாலு எண்ணை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள்? அவனும் முகவரியின் கடைசி நான்கு எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிட்டான்.

(முழு முகவரியையும் ஒரே அடியில் ஒப்பிட்டுவிடலாம். வெட்டுவதற்குத்தான் கூடுதல் செலவு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு என்று எழுதிவிட்டேன், பாருங்கள். ஆன்டோ என்று யாரும் இல்லை. நான்தான்.)

4

விண்ணரசி அக்காவுக்கு இரண்டு ஏக்கர் குத்தகை. சம்பா அறுத்து, நெல்லைச் சங்கத்துக் களத்தில் கொட்டிவிட்டு, எடை வரிசையில் பதியப் போனை அமுக்கினார். ‘உங்கள் நெல் ஏற்கெனவே எடைபோடப்பட்டது’ என்று வந்தது. முதல் நாளே நெல்லைப் போட்டுவிட்டுப் போன வேறொருவருக்கும் அவருக்கும் கடைசி நான்கு எழுத்து ஒன்று. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. நான்காம் நாளே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“நான்தான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேன் தம்பி. என்னால உங்களுக்கும் அலைச்சல். மனசுல வச்சுக்காதீங்க.”

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: ஆன்டோ மறுநாளே போய் எல்லாவற்றையும்… (அவன்தான் இல்லையே.)

முடிவு இரண்டு: சங்கம் கூடி அக்காவுக்கு… (சங்கத்துக்கு யார் சொன்னது?)

நடந்தது இதுதான். சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்திப் புதிய கான்ட்ராக்ட் போட்டேன். மேம்படுத்தியதாகச் சொன்னேன், கைதட்டினார்கள். இந்த வருடம் அக்கா களத்தில் போனைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டி, என் கை ராசியில்லை, நீயே அமுக்கு என்றார்.

ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் உட்காருவார். திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். நான் சொல்லப்போவதில்லை, இத்தனை நாளில் அது மட்டும் தெளிவாகிவிட்டது.

இப்போது உங்களுக்கும் தெரியும்.