புளியோதரைக்கு எட்டு சாட்சிகள்

புஷ்பவல்லி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிரிட்ஜ்வாட்டரில் அவள் வீட்டுச் சமையலறையில் எட்டுப் பேர் சுற்றி நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபரேஷன் தியேட்டரில்கூட இத்தனை கூட்டம் நிற்காது.

காரணம் நான்தான். கொஞ்சம் வெட்கமாகவும் உள்ளுக்குள் ஏகக் குஷியாகவும் இருந்தது.

எங்கள் சனிக்கிழமை பஜனையில் பெருமாளுக்கு நைவேத்தியம் ஆறு வருஷமாக அவள் பொறுப்பு. குளித்துவிட்டு வீட்டில் சமைத்ததாக இருக்கவேண்டும். கடையில் வாங்கியது பெருமாளுக்கு ஆகாது. போன வாரம் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு ஹோட்டல் வாசலில், துண்டால் மூடிய ஹாட் பாக்ஸோடு அவள் காரில் ஏறியதைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். பஜனைக்கு வரும் ஷ்யாமளாவிடம் சொல்லும்போது புளியோதரை வாசனை சேர்ந்துகொண்டது. பிச்சுமணியிடம் சொல்லும்போது ஹோட்டல் மாஸ்டரே வாசல்வரை வந்து வழியனுப்பினார். விஷயம் புஷ்பவல்லி காதுக்கும் போய், நான் சமைப்பதை எல்லாரும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

என் பேச்சு இப்படி வளர்ந்ததெல்லாம், அவளைப் பார்த்த அன்று காலை பிஸ்கட்டவே ஊர் லைப்ரரியில் ஓர் ஐரிஷ்காரர் சொன்ன சரித்திரத்தின் வேலை. 1688. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்துக்கு ஜேம்ஸ் என்று ஒரு கத்தோலிக்க ராஜா. ஆண் வாரிசு பிறந்தால் கத்தோலிக்க ஆட்சி நிலைத்துவிடும் என்று ஊருக்கே பயம். பிறந்தும் விட்டது. உடனே, படுக்கையைச் சூடாக்கும் மூடி போட்ட பாத்திரத்தில் யார் பிள்ளையையோ ஒளித்துக்கொண்டுவந்து ராணி பக்கத்தில் கிடத்திவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். ராஜா நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைத்தார். நம்பாதவர்கள் நம்பவேயில்லை. மருமகன் ஹாலந்திலிருந்து படையோடு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்; மாமனார் அயர்லாந்துவரை போய்ச் சண்டை போட்டுத் தோற்றார். செத்ததெல்லாம் எங்கள் ஜனங்கள்தான் என்று ஐரிஷ்காரர் நேற்று நடந்ததுபோல மூக்கைச் சிந்தினார்.

“சுவாமிநாதன் அங்கிள்,” புஷ்பவல்லி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். “நீங்கதான் பாத்தீங்களாம். பாக்ஸ்ல என்ன இருந்துச்சு?”

கடுகு வெடித்தது. என் மனைவி ருக்மிணி என் காலை மிதித்தாள்.

“பாக்ஸைத்தாம்மா பாத்தேன். உள்ள பாக்கல.”

“வாசனை?”

“அது சொல்றப்ப சேத்துக்கிட்டது.”

“அப்ப அந்த மாஸ்டர்?” என்றார் பிச்சுமணி, ஏமாந்த குரலில்.

“அவரும்தான்.”

புஷ்பவல்லி சோற்றில் புளிக்காய்ச்சலைக் கொட்டினாள். “என் பையன் முகிலன் பர்த்டே. சோளாபூரி கேட்டான், வாங்கினேன். சூடு ஆறக்கூடாதுன்னு துண்டு போட்டேன்.”

“ஹாட் பாக்ஸ்லயே ஆறாதே,” என்றாள் ஷ்யாமளா, மெதுவாக.

நான் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டாயிற்று. ஆனாலும் அந்தச் சந்தேகம் எனக்கே நியாயமாகப் பட்டது.

புளியோதரை தயாரானது. புஷ்பவல்லி கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. “இப்ப சொல்லுங்க. சனிக்கிழமை நான் செய்யலாமா, வேண்டாமா?”

ஷ்யாமளா மூக்கைத் துடைத்த டிஷ்யூவைப் போடுகிறவள்போலப் போய்க் குப்பைத்தொட்டியின் மிதியை அழுத்தினாள். மூடி திறந்தது. டிஷ்யூ விழுந்த பிறகும் அவள் காலை எடுக்கவில்லை. பிச்சுமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓரடி நகர்ந்தார். புஷ்பவல்லி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். மேலே புளிச்சக்கை, கறிவேப்பிலைக் காம்பு. அடியில் ஹோட்டல் டப்பா ஏதாவது கிடந்ததா என்று தெரியவில்லை.